குதிரைகள் மேல் போட்ட பழி

கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நான் வார இறுதியில் பாடம் நடத்தும் தமிழ் வகுப்பில் சென்ற ஆண்டு நடந்தது இது. ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பையன் ஒருவன் ஆங்கிலம் பேசும் விதத்தை இரண்டு மூன்று பிள்ளைகள் வாரக்கணக்கில் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அன்று பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, முகம் சிவக்கக் கத்தி, கையிலிருந்த பாடப்புத்தகத்தைத் தரையில் அறைந்தாள். பிறகு அழுதாள். மாலையில் அவளுடைய பெற்றோர் வந்தபோது, எல்லோரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் அவர்களை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "நல்ல பொண்ணும்மா. ஆனா ரொம்ப எமோஷனல். இப்பவே கட்டுப்படுத்தக் கத்துக்கொடுங்க. அறிவு மேல இருக்கணும், உணர்ச்சி கீழ இருக்கணும். அதுதான் கேரக்டர்." அப்பா தலையாட்டினார். கேலி செய்த பிள்ளைகளின் பெற்றோரிடம் யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகள் கத்தவில்லையே. நிதானமாகத்தான் கேலி செய்தார்கள்.

பெரியவரின் வயதுக்கு மரியாதை கொடுத்து நானும் அன்று பேசாமல் நின்றுவிட்டேன். அவர் சொன்னது தவறு என்பதை இங்கே முழுதாகச் சொல்லிவிட நினைக்கிறேன். அது அவர் ஒருவருடைய கருத்தாக இருந்தால் விட்டுவிடலாம். அமெரிக்காவில் எடிசனில் பிள்ளை வளர்ப்பவரும், ப்ளேனோவில் பிள்ளை வளர்ப்பவரும், இங்கே பே ஏரியாவில் இருக்கும் நாங்களும் ஒரே குரலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அறிவு மனிதனின் மேலான பகுதி, உணர்ச்சி விலங்கின் மிச்சம், அறிவு உணர்ச்சியை அடக்கி வைத்திருப்பதற்குப் பெயர்தான் ஒழுக்கம். "எமோஷனலா பேசாதே", "ப்ராக்டிக்கலா இரு", "லாஜிக்கா யோசி" என்று வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைக் கேட்கிறோம்!

இந்தக் கருத்து நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோரை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது கணக்கில் வாங்கிய மதிப்பெண். நுழைவுத் தேர்வு, பொறியியல் பட்டம், விசா, வேலை என்று ஏறி வந்த ஒவ்வொரு படியிலும் நம்மைத் தூக்கிவிட்டது மூளையின் ஒரு திறமை. அந்தத் திறமையே நல்ல குணமும் கூட என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? கணக்குப் போடத் தெரிந்தவன் அந்தக் காரணத்தினாலேயே பாதி நல்லவன் ஆகிவிடுகிறான். இந்தச் சலுகையை நாம் நமக்கே வழங்கிக்கொண்டோம்.

கருத்து புதிதில்லை. கடோபநிடதம் உடலைத் தேர் என்கிறது. புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். பிளேட்டோவும் ஃபீட்ரஸ் என்ற நூலில் ஒரு தேரோட்டியையும் இரண்டு குதிரைகளையும் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டில் ஒன்று நல்ல குதிரை. சாட்டை தேவைப்படாத, மானமும் நாணமும் உள்ள குதிரை என்றே அவர் அதை வருணிக்கிறார். முரட்டுக் குதிரையை இழுத்து நிறுத்துவதில் அது தேரோட்டிக்குத் துணை நிற்கிறது. பிற்பாடு இந்தக் கதையைச் சொல்லிவந்தவர்கள் நல்ல குதிரையை மெல்ல மறந்துபோனார்கள். மிஞ்சியது ஒரு சாரதியும் ஒரு கூட்டம் மிருகங்களும்.

இன்று இந்தப் பழைய படத்துக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்வதாக நினைக்கிறோம். அந்தச் சாட்சிகள் பலரும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், ஒவ்வொருவராக விசாரிக்கலாம்.

முதல் சாட்சி ஸ்டான்போர்டின் பிங் நர்சரி பள்ளி. 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அங்கே சிறு பிள்ளைகள் முன்னால் மார்ஷ்மல்லோ போன்ற ஓர் இனிப்பை வைத்து, நான் திரும்பி வரும்வரை தொடாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் எஸ்ஏடி தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்று அவருடைய குழு 1990இல் எழுதியது. பே ஏரியாவில் இந்த மார்ஷ்மல்லோ கதையைக் கேள்விப்படாத தமிழ்ப் பெற்றோர் இருக்க மாட்டார்கள். சிலர் வீட்டில் குலாப் ஜாமூனை வைத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

2018இல் டைலர் வாட்ஸும் இரு சகாக்களும் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு இதை மறுபடி பரிசோதித்தார்கள். இம்முறை எல்லா வகைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தபோது மீதியிலும் பெரும்பகுதி கரைந்துபோனது. அதைவிட என்னை யோசிக்க வைத்தது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 குழந்தைகளிடம் செய்து 2013இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. இனிப்பை வைப்பதற்கு முன்னால், நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போன பெரியவர் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அந்தப் பிள்ளைகள் பிறகு சராசரியாக 3 நிமிடமே காத்திருந்தார்கள். சொன்னபடி பொருள் கிடைத்த பிள்ளைகள் 12 நிமிடம் காத்திருந்தார்கள். இங்கே அளக்கப்பட்டது அறிவு உணர்ச்சியை அடக்கிய வலிமை என்று எப்படிச் சொல்வது? எதிரே நிற்கும் மனிதர்மேல் அந்தக் குழந்தைக்கு இருந்த நம்பிக்கை அளக்கப்பட்டது. நம்பிக்கை ஓர் உணர்ச்சி.

இன்னொன்றும் உண்டு. இரண்டு இனிப்புக்காக ஓர் இனிப்பை விட்டுக்கொடுத்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. அது நல்ல பிள்ளையா என்பதை இந்தச் சோதனை கேட்கவே இல்லை. பக்கத்து அறையில் இனிப்பே கிடைக்காத குழந்தைக்குப் பாதியைப் பிட்டுக் கொடுக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. நாம்தான் சாமர்த்தியத்தைக் குணம் என்று பெயர் மாற்றி வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

இரண்டாவது சாட்சி இறந்துபோனவர். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கோல்மா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நகரத்தின் கல்லறைகளை எல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஊர்; அங்கே உயிரோடு இருப்பவர்களைவிட அடக்கமானவர்கள் பல மடங்கு அதிகம். சைப்ரஸ் லான் கல்லறைத் தோட்டத்தில், மண்டையோடு இல்லாத ஒரு மனிதரின் எச்சம் கிடக்கிறது. பெயர் ஃபினியஸ் கேஜ். மண்டையோடு பாஸ்டனில் ஹார்வர்டின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உளவியல் முதல் பாடத்திலேயே மாணவர்கள் இவரைச் சந்தித்துவிடுவார்கள்.

1848 செப்டம்பர் 13. வெர்மான்ட் மாநிலத்தின் கேவன்டிஷ் என்ற ஊரில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு 25 வயது கேஜ் மேஸ்திரி. வெடிமருந்தைக் கிட்டிக்கும்போது பொறி பட்டு வெடித்து, மூன்றரை அடிக்கு மேல் நீளமும் 13 பவுண்டுக்கு மேல் எடையும் உள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. மனிதர் பிழைத்தார். ஆனால் முன்போல் இல்லை. பொறுப்பான மேஸ்திரி, மரியாதையில்லாமல் பேசுபவராகவும் நிலைகொள்ளாதவராகவும் மாறினார். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவருக்கு மருத்துவம் செய்த ஜான் ஹார்லோ, அறிவுக்கும் விலங்கு இச்சைகளுக்கும் இடையே இருந்த சமநிலை குலைந்துவிட்டது என்ற பொருளில் எழுதினார். பாடப்புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சாரதி செத்தான், குதிரைகள் தறிகெட்டு ஓடின, பார், அறிவு போனால் மனிதன் மிருகம்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அங்கே நிறுத்திவிடும். கேஜ் அதற்குப் பிறகும் 11 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1852இல் சிலிக்குப் போய், வால்பரைசோவுக்கும் சான்டியாகோவுக்கும் இடையே பயணிகள் வண்டி ஓட்டினார். அந்த வண்டியைப் பல நேரம் ஆறு குதிரைகள் இழுத்தன. சாரதி இறந்துவிட்டதாக உலகம் யாரை உதாரணம் காட்டுகிறதோ, அந்த மனிதர் ஏழு ஆண்டு போல ஆறு குதிரைகளின் வாரைக் கையில் பிடித்து, மலைப்பாதையில் மனிதர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உடல் நலம் கெட்டு 1859இல் தாயைத் தேடி சான் பிரான்சிஸ்கோ வந்தார். கொஞ்சம் தேறியதும் சான்டா கிளாராவில் ஒரு விவசாயியிடம் வேலைக்குச் சேர்ந்தார். நம்மில் எத்தனையோ பேர் இன்று தினமும் கார் ஓட்டிப் போகும் அதே சமவெளி. 1860 மே 21இல் வலிப்பில் இறந்தார். அவருடைய தாய் ஹார்லோவிடம் சொன்ன சில விவரங்கள் பதிவாகியிருக்கின்றன. உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்குக் கேஜ் கதைகளை இட்டுக்கட்டிச் சொல்லி மகிழ்விப்பாராம். குழந்தைகள், குதிரைகள், நாய்கள் என்றால் அவருக்கு அவ்வளவு பிரியமாம்.

ஆகவே அந்தக் கம்பி எதைக் கொண்டுபோனது? நினைவை இல்லை; அது பழுதின்றி இருந்ததாக ஹார்லோவே எழுதுகிறார். பேச்சையும் இல்லை. ஹார்லோ சொல்லும் ஒரு சிறு சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது: பொறுக்கி வைத்திருந்த சில கூழாங்கற்களுக்கு 1,000 டாலர் தருவதாகச் சொன்னபோது கேஜ் கொடுக்க மறுத்தார். எது பெரிது, எது சிறிது, எந்த மனிதர் முன்னால் எப்படி நிற்பது என்ற நிறுவை கெட்டிருந்தது. அந்த நிறுவையை நாம் எதனால் போடுகிறோம்? வெட்கத்தால், அன்பால், பயத்தால், மதிப்பால். கேஜ் இழந்தவை அவைதான். பிறகு மெல்ல மெல்ல அவற்றில் ஒரு பங்கை மீட்டதும், தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்து, குதிரைக்குத் தீனி வைத்து, பயணிகளோடு பேசிப் பழகிய வாழ்க்கையினால்தான் என்று நான் நம்புகிறேன். மால்கம் மாக்மில்லன் என்ற ஆய்வாளர் பல ஆண்டு தேடி 2000இல் ஒரு நூல் எழுதி, கேஜைப் பற்றிப் புழங்கும் கதைகளில் எவ்வளவு கற்பனை கலந்திருக்கிறது என்பதைக் காட்டினார். அந்த நூலுக்குப் பிறகும் பாடம் பழையபடியே நடக்கிறது.

உணர்ச்சி போய் அறிவு மட்டும் மிஞ்சினால் மனிதன் எப்படி இருப்பான் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. நரம்பியலாளர் அன்டோனியோ டமாசியோ 1994இல் வெளியிட்ட "டேகார்ட்டின் பிழை" என்ற நூலில் எலியட் என்று பெயர் மாற்றி ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். மூளையின் முன்பகுதியில் வந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். சேதமடைந்த திசுவும் சேர்ந்து போனது. நுண்ணறிவுச் சோதனைகளில் எலியட் சராசரிக்கு மேல். எது சரி, எது தவறு என்று கேட்கும் தாள்களிலும் நன்றாகப் பதில் எழுதினார். ஆனால் வேலை போனது. ஊர் எச்சரித்தும் கேட்காமல் ஒரு தவறான ஆளோடு வியாபாரம் தொடங்கிச் சேமிப்பு முழுவதையும் தொலைத்தார். மணமுறிவு. இத்தனையையும் அவர் அடுத்தவர் கதையைப் போல, குரல் கம்மாமல் சொன்னார். பட்டியல் போடத் தெரிந்தது, தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. எந்தப் பக்கமும் மனம் சாயாதவனுக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

நம்ம ஊர் மருத்துவர் ஒருவரும் இதில் வருகிறார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். விபத்தில் தலையில் அடிபட்ட ஓர் இளைஞன் அவரிடம் வந்தான். நன்றாகப் பேசினான், தெளிவாக யோசித்தான். ஆனால், வீட்டில் இருக்கும் பெண்மணி என் அம்மா மாதிரியே இருக்கிறார், அம்மா இல்லை, ஆள்மாறாட்டம் செய்கிறார் என்றான். கேப்கிராஸ் நோய் என்று இதற்குப் பெயர்; 1923இல் முதலில் விவரிக்கப்பட்டது. ராமச்சந்திரன் கண்டது இது: முகத்தை அடையாளம் காணும் பாதை சரியாக இருக்கிறது. அந்த முகத்தைக் கண்டதும் நெஞ்சு இளகும் பாதை அறுந்திருக்கிறது. தாயின் படத்தைக் காட்டியபோது தோலில் ஏற்பட வேண்டிய மெல்லிய சிலிர்ப்பு ஏற்படவில்லை. அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அம்மா என்று கண்டுகொண்டான்; காதிலிருந்து நெஞ்சுக்குப் போகும் வழி உடையாமல் இருந்தது.

அந்த இளைஞனின் தர்க்கத்தில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அம்மாவைப் பார்த்தால் ஓர் உணர்வு வரும். இவரைப் பார்த்தால் வரவில்லை. ஆகவே இவர் அம்மா இல்லை. முறையாக யோசித்து, பெற்ற தாயைப் போலி என்று முடிவு கட்டினான். உணர்ச்சி அறிவின் கண்ணை மறைக்கிறது என்று நாம் சொல்கிறோம். இங்கே உணர்ச்சி இல்லாததால்தான் அறிவுக்குக் கண் தெரியவில்லை.

எது சரி என்ற அறிவு மட்டும் போதுமா என்று பார்க்க நியூஜெர்சிக்குப் போவோம். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகும் வழியில், ஒரு வாசலில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமி முனகிக்கொண்டு கிடந்தார். ஏற்பாடு செய்த ஆள்தான். நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையை மனதில் சுமந்துகொண்டு போனவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி அதிகமாக உதவவில்லை. சிலர் அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்து, இரக்கத்தைப் பற்றிப் பேசப் போனார்கள்.

இந்த ஆய்வை வைத்து, குணம் என்றே ஒன்று கிடையாது, எல்லாம் சூழ்நிலை என்று வாதிடுபவர்கள் உண்டு. விரட்டப்பட்டும் நின்ற அந்த ஒருவரை அவர்கள் விளக்க மாட்டார்கள். எனக்குத் தெரிவது வேறு. எது அறம் என்று அந்த 40 பேருக்கும் தெரியும், படிப்பே அதுதான். அறிவில் குறை ஒன்றும் இல்லை. முனகல் காதில் விழுந்தபோது கால் நிற்க வேண்டும், அதற்கு நெஞ்சில் ஏதோ ஒன்று சுருக்கென்று தைக்க வேண்டும். அவசரம் அதை மழுங்கடித்துவிட்டது. பிள்ளையை வகுப்பிலிருந்து வகுப்புக்கு, பயிற்சியிலிருந்து பயிற்சிக்கு ஓட்டிக்கொண்டே இருக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அறிவு மட்டும் கூர்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டனின் எரிசக்தி நிறுவனமான என்ரான் ஓர் உதாரணம்; அதைப் பலர் மறந்திருப்பார்கள். 2000 ஜூலையில் அது தன் ஊழியர்களுக்கு 64 பக்கத்தில் ஓர் ஒழுக்க நெறிக் கையேடு கொடுத்தது. மரியாதை, நேர்மை என்றெல்லாம் அதில் இருந்தது. நாட்டின் மிகக் கூர்மையான மூளைகளைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்த நிறுவனம் அது. கலிபோர்னியாவில் மின்சாரத் தட்டுப்பாடு முற்றி, 2001 ஜனவரியில் வடபகுதி ஊர்கள் முறைவைத்து இருளில் மூழ்கியபோது, அந்தச் சந்தையில் தந்திரங்கள் செய்து என்ரானின் வர்த்தகர்கள் லாபம் பார்த்தார்கள். அவர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்ட ஒலிப்பதிவுகள் 2004இல் வெளிவந்தன. அநியாயமாக வசூலித்த மின்கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் கலிபோர்னியாப் பாட்டி ஒருத்தியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வர்த்தகர்கள் போட்ட லாபக் கணக்கில் ஒரு பிழை இல்லை. வெட்கம் இல்லை, அவ்வளவுதான். 2001 டிசம்பர் 2இல் நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பு அதோடு போனது.

கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம் நடத்திய சாம் பேங்க்மன்-ஃப்ரீட் இன்னும் தெளிவான உதாரணம், ஏனென்றால் அவர் வளர்ந்தது ஸ்டான்போர்டு வளாகத்தில். தாய் தந்தை இருவரும் அங்கே சட்டப் பேராசிரியர்கள். எதிர்பார்க்கும் நன்மையைப் பெருக்கிக் கழித்துக் கணக்குப் போட்டு, அதிக நன்மை எதுவோ அதைச் செய் என்ற கொள்கையில் ஊறியவர். நிறையச் சம்பாதித்து நிறையக் கொடுப்பதுதான் திட்டம். உலகம் அழிவது ஒரு பக்கம், இரு மடங்குக்கு மேல் நன்றாவது மறு பக்கம் என்று நாணயம் சுண்டச் சொன்னால் சுண்டுவேன் என்று அவர் சொன்னதாக, உடன் வேலை செய்தவரும் ஒரு காலத்தில் காதலியுமான கேரலின் எலிசன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். வாடிக்கையாளர்களின் 800 கோடி டாலருக்கு மேல் காணாமல் போயிருந்தது. 2022 நவம்பரில் நிறுவனம் வீழ்ந்தது. 2024 மார்ச் 28இல் 25 ஆண்டுச் சிறை. குற்றத்துக்காக வருந்தும் ஒரு சொல்லும் அவரிடமிருந்து வரவில்லை என்று நீதிபதி குறிப்பிட்டார். பேராசையில் புத்தி கெட்டுவிட்டது என்று நம் பெரியவர்கள் இதை விளக்குவார்கள். புத்தி எங்கே கெட்டது? அது கடைசிவரை வேலை செய்தது. யார் கூலி கொடுத்தாலும் வேலை செய்யும் ஆள் அது.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். கோபத்தில் வெட்டுகிறார்களே, சாதி வெறியில் கொல்கிறார்களே, அது உணர்ச்சி இல்லையா? உணர்ச்சிதான். வளர்க்கப்பட்ட, தீனி போட்டுக் கொழுக்க வைத்த வெறுப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண நேர ஆவேசம் என்று சொல்லாதீர்கள். 2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரைக் கடத்திக் கொன்றவர்கள், தற்கொலை என்று ஊர் நம்பும்படி அவரைக் குறிப்பு எழுத வைத்தார்கள், வீடியோவில் பேச வைத்தார்கள், உடலை ரயில் பாதையில் போட்டார்கள். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. அங்கே அறிவு வெறுப்பின் பக்கம் நின்று முழு நேரமும் உழைத்தது. வழக்கு நெடுக அதைத் தளரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர் கோகுல்ராஜின் தாய். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தாயை அத்தனை ஆண்டு நடக்க வைத்தது என்ன? உணர்ச்சிவசப்படாதே அம்மா என்று யாராவது அவரிடம் சொல்லி, அவரும் கேட்டிருந்தால்?

வெறுப்பை வென்றது உணர்ச்சியற்ற அறிவு இல்லை, இன்னொரு பெரிய உணர்ச்சி. எந்த உணர்ச்சியை வளர்ப்பது, யாருக்காக நோவது, எதற்காகக் கொதிப்பது என்பதில்தான் குணம் இருக்கிறது. அறிவுக்கு அதில் இடம் உண்டு. தெரியாத செய்தியைச் சொல்லும், தவறான ஆள்மேல் பாயும் கோபத்தை நிறுத்தும், இரக்கம் செயலாக மாறும் வழியைக் காட்டும். ஆனால் கொதிக்க வேண்டிய இடத்தில் கொதிக்காதவனுக்கு அது செய்ய ஒன்றும் இல்லை.

தமிழ் மரபு இதை நன்றாகவே அறிந்திருந்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்வுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் காட்டுகிறது. வெகுளி எதிலிருந்து? உடலுறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அலைத்துத் துன்புறுத்துவது, கொலை. நான்கும் மனிதனுக்கு மனிதன் இழைக்கும் கொடுமைகள். கோபம் என்பதை அந்த ஆசிரியர் அநியாயத்தைக் கண்டுகொள்ளும் ஓர் அறிவாகவே வைத்திருக்கிறார். பெருமிதம் என்ற உணர்வுக்கு அவர் சொல்லும் முதல் காரணம் கல்வி. படிப்பையும் உணர்ச்சியையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கம் அவருக்கு இல்லை.

வள்ளுவர் வெகுளாமை என்றே ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே என்று கேட்பார்கள். எழுதியிருக்கிறார், எல்லாக் கோபமும் கேடு என்றும் அதில் சொல்கிறார், மறைக்கத் தேவையில்லை. அது துறவறவியலில் உள்ள அதிகாரம் என்பதையும், முதல் குறளே கோபம் பலிக்கும் இடத்தில், அதாவது எளியவனிடம், அடக்குபவனைத்தான் அடக்குபவன் என்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மேலாளர் கீழே இருப்பவர்மேல் எரிந்து விழக்கூடாது என்பதற்கான குறளை, அநியாயத்தைக் கண்டு அழும் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் நீட்டுவது எந்த நியாயம்? அதற்கு அடுத்த அதிகாரமான இன்னாசெய்யாமையில், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணாவிட்டால் அறிவினால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்கிறார். அறிவுடைமையை அவர் அரசனுக்கு வேண்டிய தகுதிகளோடு பொருட்பாலில் வைத்தார். அன்புடைமையை அறத்துப்பாலில், இல்லறத்தின் தொடக்கத்திலேயே வைத்தார்.

பகுத்தறிவு என்ற சொல்லை நம் காலத்தில் வீட்டுக்கு வீடு கொண்டுபோன பெரியாரும் 1925இல் தொடங்கியது சுயமரியாதை இயக்கம். அறிவை அவர் மானத்தோடு சேர்த்தே பேசினார். அவமானம் உறைத்தவர்களிடம்தான் அந்தப் பகுத்தறிவு வேலை செய்தது. மானத்தைக் கழித்துவிட்டுப் பகுத்தறிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், எந்த அநியாயத்துக்கும் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறார்கள்.

அந்தப் பெண் புத்தகத்தைத் தரையில் அறைந்தது சரியென்று நான் சொல்லவில்லை. மறு வாரம் அவளே புத்தகத்தின் கிழிந்த அட்டையை ஒட்டிக்கொண்டு வந்தாள். கோபத்தை எப்படிச் சொல்வது என்று அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், கற்றுக்கொள்வாள். ஆனால் அன்று அந்த அறையில் பெரியவர், நான், மற்ற ஆசிரியர்கள், இருபது பிள்ளைகள் என்று இத்தனை பேர் இருந்தும், அந்தப் பையனுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைச் சரியாக அறிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். எமோஷனல் என்று அவளுக்குப் பெயர் வைத்தோம்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை முகம் சிவந்து, கண் கலங்கி வீட்டுக்கு வந்தால், அமைதியாக இரு என்று சொல்வதற்கு முன்னால், யாருக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.